பழைய ஜாஸ், ப்ளூஸ் மறுவெளியீடுகள்: ஒரே பதிவு கம்பெனிக்குக் கம்பெனி மாறிக் கேட்பது ஏன்?

கேள்வி இதுதான். ஜாஸ் கலைஞர்கள் கிங் ஆலிவர், லூயி ஆம்ஸ்ட்ராங், ப்ளூஸ் பாடகர் சார்லி பேட்டன் போன்றவர்களின் 1920களின் பதிவுகளை நான்கைந்து கம்பெனிகள் சிடியாகவும் எல்பியாகவும் வெளியிட்டிருக்கின்றன. ஒன்றில் குரல் பளிச்சென்று வருகிறது. இன்னொன்றில் கம்பளியைப் போர்த்திப் பாடுவதுபோல் இருக்கிறது. சில சமயம் சுருதியே மாறிவிடுகிறது. ஏன் இப்படி? எதைப் பார்த்து வாங்குவது?

எந்தத் தட்டிலிருந்து எடுத்தார்கள், எந்த ஊசியால் எடுத்தார்கள், எந்த வேகத்தில் ஓட்டினார்கள் என்ற மூன்றிலேயே பெரும்பகுதி முடிவாகிவிடுகிறது. அதன் பிறகு கம்ப்யூட்டரில் செய்யும் சுத்திகரிப்புக்கு நாம் நினைக்கும் அளவுக்கு இடமில்லை. அங்கே நல்லது செய்வதைவிடக் கெடுப்பது சுலபம்.

முதலில் மூலம். 1940களின் கடைசியில் டேப் புழக்கத்துக்கு வரும்வரை, பாடப்பாட நேராகத் தட்டில் வெட்டினார்கள். 1920களில் அது மெழுகுத் தட்டு. அந்த மெழுகின்மேல் உலோகம் படியவைத்து மாஸ்டர் எடுப்பார்கள். மாஸ்டரிலிருந்து மதர், மதரிலிருந்து ஸ்டாம்பர். ஸ்டாம்பரை அரக்குக் கலவையில் அழுத்தினால் கடைக்குப் போகும் தட்டு. ஆகவே மறுவெளியீடு செய்பவருக்குக் கிடைக்கக்கூடிய மூலங்களில் ஒரு தர வரிசை உண்டு. உலோக மாஸ்டரோ மதரோ கிடைத்தால் அதுவே முதலிடம். அதிலிருந்து பிற்காலத்தில் வினைலில் அழுத்திய சோதனைத் தட்டு அடுத்தது. பிறகு அதிகம் ஓடாத அரக்குத் தட்டு, அதன்பின் தேய்ந்த தட்டு. இவை எதுவும் அகப்படாவிட்டால், 1960களில் யாரோ ஒரு சேகரிப்பாளர் டேப்பில் எடுத்துவைத்த நகல்.

லூயி ஆம்ஸ்ட்ராங் தன் ஹாட் ஃபைவ் குழுவோடு செய்த பதிவுகள் இந்த விஷயத்தில் கொடுத்துவைத்தவை. 1925 நவம்பரில் சிகாகோவில் ஓகே கம்பெனிக்காகத் தொடங்கியவை அவை. 1926-ல் ஓகே, கொலம்பியாவின் கைக்குப் போனது. கொலம்பியா 1923 முதலே அடுக்குத் தட்டு செய்து வந்தது. நடுவில் மட்டமான கலவை, மேலும் கீழும் நைசாக அரைத்த அரக்கு. ஊசி படும் இடம் வழவழப்பாக இருப்பதால் இரைச்சல் குறைவு. அதே பதிவுகளை இங்கிலாந்தில் பார்லஃபோன் நல்ல கலவையில் அழுத்தி விற்றது. அந்தத் தட்டுகள் இன்றும் ஓரளவு கிடைக்கின்றன. ஆக ஆம்ஸ்ட்ராங்கை மோசமாகக் கேட்கும்படி ஒருவர் வெளியிட்டால், மூலத்தின்மேல் பழிபோட முடியாது.

பாரமவுண்ட் கதை நேர் எதிர். விஸ்கான்சின் மாநிலத்தில் போர்ட் வாஷிங்டன் ஊரில் இருந்த ஒரு நாற்காலி கம்பெனி, கிராமஃபோன் பெட்டிகளும் செய்தது. பெட்டி விற்க வேண்டுமானால் தட்டு வேண்டும் என்று 1917-ல் தொடங்கியதுதான் பாரமவுண்ட். தட்டுகளைப் பக்கத்து ஊரான கிராஃப்டனில் அழுத்தினார்கள். மலிவான கலவை, அதில் கரடுமுரடான நிரப்புப் பொருள். புதுத் தட்டே கரகரக்கும். மா ரெய்னி, பிளைண்ட் லெமன் ஜெஃபர்சன், சார்லி பேட்டன், சன் ஹவுஸ், ஸ்கிப் ஜேம்ஸ் எல்லோரும் அந்தத் தட்டுகளில்தான் இருக்கிறார்கள். 1932-ல் பதிவு நின்றது. கடையை மூடிய பிறகு உலோக அச்சுகள் பழைய உலோக விலைக்குப் போய்விட்டன. பொருளாதார மந்தத்தின்போது வெளியான தட்டுகள் மிகக் குறைவாகவே விற்றதால், சிலவற்றுக்கு உலகத்திலேயே ஒன்றிரண்டு பிரதிகள்தான் தெரிந்திருக்கின்றன. டாமி ஜான்சனின் ஒரு பாரமவுண்ட் தட்டு 2013-ல் 37,100 டாலருக்கு ஏலம் போனது. சன் ஹவுஸின் 13096 என்ற எண்ணுள்ள தட்டு 75 ஆண்டுகளாகக் கண்ணில் படாமல் இருந்து, 2000களின் நடுவில்தான் அகப்பட்டது. மூலம் இப்படி இருக்கும்போது, பேட்டனின் பாரமவுண்ட் பதிவுகளைக் ‘கரகரப்பே இல்லாமல்’ தருகிறோம் என்று எந்தக் கம்பெனி சொன்னாலும் நம்ப வேண்டாம். கரகரப்போடு சேர்த்து வேறு எதையோ எடுத்திருக்கிறார்கள் என்று அர்த்தம்.

அழிவில் போருக்கும் பங்கு உண்டு. தட்டுக்கான அரக்கு பெரும்பாலும் இந்தியாவிலிருந்து போனது. 1942-ல் கடல்வழி ஆபத்தானதும் அமெரிக்க அரசு தட்டுகளுக்கான அரக்குப் பயன்பாட்டை 70 சதவீதம் வெட்டியது. பழைய தட்டைக் கொடுத்தால்தான் புதுத் தட்டு என்று கடைகள் கேட்டன. கொடுத்த தட்டுகள் அரைபட்டுப் புதுத் தட்டின் கலவையில் போயின.

நல்ல பிரதி கிடைத்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அடுத்தது கழுவுவது. வினைலுக்கு விற்கும் திரவங்கள் பலவற்றில் ஆல்கஹால் இருக்கும். அரக்கு ஆல்கஹாலில் கரையும், தட்டு போய்விடும். காய்ச்சி வடித்த நீரில் அயனியற்ற சோப்புத் திரவம் சில துளிகள், மென்மையான பிரஷ், பள்ளத்தின் போக்கிலேயே துடைப்பது, பிறகு வெறும் நீரால் அலசி உடனே உறிஞ்சி எடுப்பது. இவ்வளவுதான். லேபிள் நனையக் கூடாது. கொலம்பியாவின் அடுக்குத் தட்டில் விரிசல் இருந்தால் நீர் உள்ளே இறங்கி அடுக்கு உப்பிவிடும், அதை மிகக் குறைந்த ஈரத்தில்தான் துடைக்க வேண்டும்.

பிறகு நடு ஓட்டை. பழைய தட்டுகளில் ஓட்டை பெரும்பாலும் மையத்தில் இருக்காது. அப்படியே ஓட்டினால் ஒவ்வொரு சுற்றுக்கும் சுருதி ஏறி இறங்கும். நீட்டிப் பிடிக்கும் குரலிலும் பியானோவிலும் இது உடனே தெரியும். டர்ன்டேபிளின் நடுக்கம்பியைக் கழற்றிவிட்டு, ஊசியைத் தாங்கும் கை இடவலமாக ஆடாத நிலை வரும்வரை தட்டைத் தள்ளித் தள்ளி வைப்பார்கள். இரண்டு நிமிட வேலை. அவசரமாகத் தயாரித்த வெளியீடுகளில் முதலில் விடுபடுவது இதுதான்.

ஊசிதான் இந்தக் கலையின் நடுநாயகம். எல்பிக்கான ஊசிமுனையின் ஆரம் 1 மில், அதாவது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு, அல்லது அதற்கும் குறைவு. 78 தட்டின், அதாவது நிமிடத்துக்கு சுமார் 78 முறை சுற்றும் பழைய அரக்குத் தட்டின் பள்ளம், எல்பியின் பள்ளத்தைவிட இரண்டு மூன்று மடங்கு அகலம். எல்பி ஊசியைப் போட்டால் அது பள்ளத்தின் அடியில் கிடக்கும் தூசியையும் பொடியையும் வாசிக்கும். 78-க்குப் பொதுவான அளவு 3 மில். ஆனால் ஒரே ஊசியை வைத்துக்கொண்டு எல்லாத் தட்டையும் எடுப்பவர் வேலை தெரிந்தவர் அல்ல. அந்தக் காலத்தில் இரும்பு ஊசியும் அதைப் பிடித்திருக்கும் கனமான சவுண்ட் பாக்ஸும் வைத்து ஓட்டியதில், பள்ளச் சுவரின் ஒரு குறிப்பிட்ட உயரம் தேய்ந்துபோயிருக்கும். 2.3 அல்லது 2.5 மில் ஊசி அந்தத் தேய்மானத்துக்குக் கீழே உட்காரும். 3.5 மில் ஊசி அதற்கு மேலே உட்காரும். இரண்டில் எங்கே தேயாத சுவர் மிச்சமிருக்கிறது என்பதைக் காதால் கேட்டுத்தான் கண்டுபிடிக்க முடியும். முனை சீவிய நீள்வட்ட ஊசிதான் வேண்டும். கூர்முனை இருந்தால் அடியைச் சுரண்டும். எடை 3 முதல் 5 கிராம். ஒரே தட்டில் ஐந்தாறு ஊசியை மாற்றிப் போட்டுக் கேட்டால், தேய்ந்தது என்று ஒதுக்கிய தட்டிலிருந்துகூடக் குரல் எழுந்து வரும். எந்த மென்பொருளும் தரமுடியாத முன்னேற்றம் அது.

78 தட்டு மோனோ. ஊசி பக்கவாட்டில் மட்டும் ஆடுவதுதான் இசை. மேலும் கீழும் ஆடுவது முழுக்க இரைச்சல். ஸ்டீரியோ கார்ட்ரிட்ஜால் (ஊசியின் ஆட்டத்தை மின்னலையாக்கும் பாகம்) எடுத்து இரண்டு சேனலையும் சேர்த்தால் அந்த மேல்கீழ் இரைச்சல் அடிபட்டுப்போகும். சில தட்டுகளில் ஒரு பக்கச் சுவர் மட்டும் கெட்டிருக்கும். அப்போது நல்ல சுவரின் சேனலை மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டும். அதனால்தான் விஷயம் தெரிந்தவர்கள் இரண்டு சேனலையும் தனித்தனியாக, 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸில் முதலில் பதிந்துவைத்துவிட்டு, சேர்ப்பதைப் பிறகு முடிவு செய்கிறார்கள்.

வேகத்துக்கு வருவோம். 78 என்று சொல்கிறோமே தவிர, அது பிற்காலத்தில் நிலைபெற்ற எண். 60 ஹெர்ட்ஸ் மின்சாரம் உள்ள அமெரிக்காவில் 3600 சுற்று மோட்டாரை 46-ஆல் வகுத்தால் 78.26. இங்கிலாந்தில் 77.92. 1920களில் பதிவுக் கருவியை ஓட்டியது கீழே இறங்கும் எடைக்கல். 80 சுற்றில் வெட்டிய ஒரு கொலம்பியா அகூஸ்டிக் (மைக் இல்லாமல் பதிந்த) தட்டை 78.26-ல் ஓட்டினால் சுருதி சுமார் 38 சென்ட் தாழும். அரைச் சுருதியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல். பாடகரின் குரல் கனத்து, தாளம் சோர்ந்துபோகும்.

சரியான வேகத்தை எப்படித் தீர்மானிப்பது? ஜாஸ் குழுவாக இருந்தால் ஓரளவு சுலபம். கார்னெட், கிளாரினெட், டிராம்போன் வாசிப்பவர்கள் பி ஃபிளாட், ஈ ஃபிளாட், எஃப் போன்ற சுருதிகளை விரும்புவார்கள். தட்டை ஓட்டினால் பாட்டு பி-யிலோ ஈ-யிலோ வருகிறது என்றால் வேகம் பிசகியிருக்கிறது என்று சந்தேகப்படலாம். கிங் ஆலிவர் குழு 1923 ஏப்ரலில் இண்டியானா மாநிலம் ரிச்மண்டில் ஜெனட் கம்பெனிக்கு வாசித்த தட்டுகளை இப்படித்தான் சரிபார்க்கிறார்கள்.

கிடாரோடு தனியாகப் பாடுபவரிடம் இந்தப் பிடிமானம் கிடையாது. கிடாரை அவர் எந்தக் கட்டைக்கு வேண்டுமானாலும் சுருதி சேர்த்திருக்கலாம், தந்திகளை அழுத்திச் சுருதி ஏற்றும் கேப்போவைப் போட்டிருக்கலாம். பேட்டன் 1929 ஜூன் 14 அன்று இதே ரிச்மண்டில் ஒரே நாளில் 14 பாட்டு பதிந்தார். அவற்றின் சுருதி இன்னதுதான் என்று சத்தியம் செய்ய யாராலும் முடியாது. ஸ்கிப் ஜேம்ஸ் விஷயத்தில் ஒரு நல்ல வழி இருக்கிறது. 1931 பிப்ரவரியில் கிராஃப்டனில் அவர் பதிந்தவற்றில் 18 பக்கங்கள் மிஞ்சியிருக்கின்றன. அவற்றில் சில, கிடாரை வைத்துவிட்டுப் பியானோவில் உட்கார்ந்து வாசித்தவை. பியானோவின் சுருதி, பொதுவான அளவான ஏ 440-க்கு (ஏ சுரம் 440 ஹெர்ட்ஸ்) அக்கம்பக்கத்தில்தான் இருக்கும். முதலில் பியானோப் பக்கங்களுக்கு வேகம் கண்டுபிடித்து, அதே வேகத்தை அடுத்தடுத்த மேட்ரிக்ஸ் எண் (பதியும்போது கம்பெனி ஒவ்வொரு பாட்டுக்கும் கொடுக்கும் எண்) உள்ள கிடார்ப் பக்கங்களுக்கும் வைத்துப் பார்க்கலாம். ஸ்டுடியோ பியானோ இறங்கிப்போயிருந்திருக்கலாம் என்ற சந்தேகத்தையும் கூடவே வைத்துக்கொள்ள வேண்டும். எடைக்கல் இயந்திரத்தில் பாட்டின் தொடக்கத்துக்கும் முடிவுக்கும் இடையே வேகம் நழுவுவதும் உண்டு. ஆகவே ஆரம்பம், நடு, கடைசி என்று மூன்று இடத்தில் சோதிப்பது நல்லது.

ப்ளூஸ் பாடகர் ராபர்ட் ஜான்சனின் பதிவுகள் எல்லாமே 20 சதவீதம் வேகமாக ஓடுகின்றன என்றொரு பேச்சு இணையத்தில் நிற்காமல் சுற்றுகிறது. 20 சதவீதம் என்றால் மூன்று அரைச் சுருதிக்கும் மேல். 1936 நவம்பரில் சான் அன்டோனியோ, 1937 ஜூனில் டல்லஸ், மொத்தம் ஐந்து நாள் பதிவு. இரண்டு ஊரிலும் ஏழு மாத இடைவெளியில் கருவி ஒரே அளவுக்குப் பிசகியிருக்க வேண்டும். எனக்கு இது துளியும் நம்பும்படி இல்லை.

அடுத்து ஈக்வலைசேஷன், அதாவது தாழ்ந்த, உயர்ந்த அலைகளின் அளவை ஏற்றி இறக்கிச் சரிசெய்வது. ஊசியின் ஒலியைப் பெருக்கும் இன்றைய ஃபோனோ ப்ரீஆம்ப் எல்லாம், 1954-ல் நிலைபெற்ற ஆர்ஐஏஏ வளைவு என்ற பொதுத் திருத்த அளவைப் போடுகிறது. அது உயர் அலைகளை வெட்டும். 4 கிலோஹெர்ட்ஸில் சுமார் 6.6 டெசிபல், 10 கிலோஹெர்ட்ஸில் 13.7 டெசிபல். எல்பி வெட்டும்போது அந்த அளவுக்கு ஏற்றி வெட்டியிருப்பதால் இறக்குவது சரி. 1920களின் தட்டில் அப்படி ஏற்றவே இல்லை. அதை ஆர்ஐஏஏ வழியாக விட்டால் உள்ள கொஞ்சநஞ்ச ஒளியும் போய்விடும். கேள்வியில் கேட்ட அந்தக் கம்பளிச் சத்தத்துக்கு அடிக்கடி இதுதான் காரணம். 1925-க்கு முந்தைய அகூஸ்டிக் பதிவில் மைக்கே கிடையாது. குழாய்க்குள் பாடியதுதான். அதில் இருப்பதே சுமார் 250 முதல் 2500 ஹெர்ட்ஸ் வரை. அதற்குமேல் வெட்டினால் என்ன மிஞ்சும்? சரியான முறை, வளைவு எதுவும் போடாமல் அப்படியே பதிந்துகொண்டு, தேவையான திருத்தத்தைப் பிறகு செய்வது. வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் முறையில் 1925-க்குப் பிறகு மைக் வைத்துச் செய்த மின்பதிவுகளுக்குப் பெரும்பாலும் 200-லிருந்து 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே மட்டும் ஏற்றினால் போதும்.

இத்தனைக்கும் பிறகுதான் மென்பொருள். கிளிக் நீக்கி, கரகரப்பு நீக்கி, கடைசியாக வேண்டுமானால் பொது இரைச்சலைக் கொஞ்சம் குறைப்பது என்ற வரிசையில். இந்த வரிசையை மாற்றக் கூடாது. பெரிய கிளிக்குகள் மிச்சமிருக்கும்போது இரைச்சல் நீக்கியைப் போட்டால், அது கிளிக்கையும் சேர்த்து அளந்து ஏமாந்துபோகும். கார்னெட்டும் டிரம்பெட்டும் வீச்சோடு ஊதும்போது அலை வடிவத்தில் கூரான முட்கள் வரும். நிரலுக்கு அவையும் கிளிக்காகத் தெரியும். விளைவு, ஆம்ஸ்ட்ராங்கின் ஒவ்வொரு சுரத்தின் தொடக்கமும் மழுங்கி, கூடவே ஒரு பொரபொரப்பு. இதற்கு எளிய சோதனை, நீக்கப்பட்டதை மட்டும் தனியாகக் கேட்பது. கிட்டத்தட்ட எல்லா மென்பொருளிலும் அந்த வசதி இருக்கிறது. அதில் டிக் டிக் என்ற சத்தம் மட்டும் வந்தால் சரி. தாளமோ ராகமோ காதில் விழுந்தால் அளவு மீறிவிட்டது. பொது இரைச்சலை 3 முதல் 6 டெசிபலுக்குமேல் குறைத்தால் ‘ச’, ‘ஷ’ போன்ற ஒலிகள் கரைந்து, தண்ணீருக்கு அடியிலிருந்து வருவதுபோல் ஒரு சலசலப்பு தொடங்கும். சீரான இரைச்சலைக் காது சில நொடிகளில் ஒதுக்கிவிடும். இந்தச் சலசலப்பை ஒதுக்காது.

கம்ப்யூட்டர் வரும் முன்பே இந்த வேலையை உச்சத்துக்குக் கொண்டுபோனவர் இங்கிலாந்தின் ஜான் ஆர். டி. டேவிஸ். டேப்பில் கிளிக் இருக்கும் இடத்தைக் கண்டுபிடித்து, அந்த இடத்தில் மட்டும் காந்தப் பூச்சைச் சுரண்டி எடுப்பார். ஒவ்வொரு கிளிக்கும் கையால். அவர் செய்த ஆம்ஸ்ட்ராங்கின் ஹாட் ஃபைவ், ஹாட் செவன் பதிவுகளை ஜேஎஸ்பி கம்பெனி நான்கு சிடிப் பெட்டியாக வெளியிட்டது. இரைச்சல் இருக்கும், இசை முழுசாக இருக்கும்.

டேப் காலத்துப் பதிவுகளில் சிக்கல் வேறு, ஆனால் வேகம் அங்கேயும் விடாது. மைல்ஸ் டேவிஸின் ‘கைண்ட் ஆஃப் ப்ளூ’ முதல் அமர்வில், 1959 மார்ச் 2 அன்று, மாஸ்டர் டேப் இயந்திரம் மெதுவாக ஓடியிருக்கிறது. அதனால் முதல் பக்கத்தின் மூன்று பாட்டும் பல பத்தாண்டுகள் ஏறிய சுருதியிலேயே விற்றன. கூடவே ஓடிய இரண்டாவது இயந்திரத்தின் டேப் சரியாக இருந்ததால் 1990களின் பதிப்புகளில் திருத்த முடிந்தது. பழைய எல்பியோடு வாசித்துப் பழகியவர்களுக்குப் புதுப் பதிப்பு தாழ்ந்து கேட்பதும் இதனால்தான்.

ஏன் இத்தனை கம்பெனிகள் என்பதற்குச் சட்டம் காரணம். ஐரோப்பாவில் 1962 வரை வெளியான பதிவுகள் 50 ஆண்டுக் கெடுவிலேயே பொதுவுடைமையாகிவிட்டன. பாதுகாப்பு 70 ஆண்டாக உயர்ந்தபோது அவை திரும்ப அடைபடவில்லை. அங்கே யார் வேண்டுமானாலும் வெளியிடலாம். அமெரிக்காவில் 2018-ல் வந்த சட்டப்படி, 1923 முதல் 1946 வரை வெளியானவற்றுக்கு 100 ஆண்டு, 1947 முதல் 1956 வரை 110 ஆண்டு. 1923-ல் வந்த கிங் ஆலிவர் தட்டுகள் 2024 ஜனவரி 1-ல்தான் விடுபட்டன. இது பதிவுக்கு மட்டும். பாட்டின் வரிக்கும் மெட்டுக்கும் உரிமை தனி. ஐரோப்பியச் சுதந்திரத்தால் நல்லதும் நடந்தது, கெட்டதும் நடந்தது. வியன்னாவில் ஜானி பார்த் தொடங்கிய டாக்யுமெண்ட், பிறகு ஸ்காட்லாந்துக்குப் போன அதே கம்பெனி, ஒரு ப்ளூஸ் பாடகரையும் விடாமல் கால வரிசையில் முழுப் பதிவுகளையும் வெளியிட்டது. ஒலி ஏறுக்கு மாறாகத்தான் இருக்கும். ஆனால் வேறு எங்கும் கிடைக்காத பாட்டு அங்கே இருக்கும், அந்த உழைப்புக்கு நாம் எல்லோரும் கடன்பட்டிருக்கிறோம். கெட்டது என்னவென்றால், அடுத்தவர் சிரமப்பட்டு எடுத்த ஒலியை அப்படியே நகலெடுத்து, இன்னும் கொஞ்சம் இரைச்சல் நீக்கி, மலிவுப் பெட்டியாக விற்பவர்களும் அதே கதவு வழியாக வந்தார்கள்.

ஆகவே வாங்கும் முன் அட்டையின் பின்பக்கத்தைப் படியுங்கள். தட்டிலிருந்து எடுத்தவர் பெயர், தட்டு கொடுத்த சேகரிப்பாளர் பெயர், மேட்ரிக்ஸ் எண், எத்தனையாவது டேக் (அதே பாட்டை எத்தனையாவது முறை பதிந்தது). இவை இருந்தால் நம்பலாம். ‘24 பிட் டிஜிட்டல் ரீமாஸ்டர்’, ‘180 கிராம் வினைல்’ என்று மட்டும் பெரிதாகப் போட்டிருந்தால் மூலத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை என்று பொருள். மாதிரி கேட்க முடிந்தால் பாட்டு தொடங்கும் முன் உள்ள ஒரு நொடியைக் கேளுங்கள். முழு நிசப்தம், பிறகு குரல் எழும்போதெல்லாம் இரைச்சலும் கூடவே எழுந்து அடங்குகிறது என்றால் அந்தப் பதிப்பை விட்டுவிடலாம். டேக் எண்ணைச் சரிபார்க்க, சாண்டா பார்பராவில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகம் நடத்தும் அமெரிக்கப் பதிவுகளின் தரவுத்தளம் இலவசமாகக் கிடைக்கிறது.

எதை வாங்கலாம் என்றால், கிங் ஆலிவரின் 1923 பதிவுகளுக்கு 2006-ல் வந்த ‘ஆஃப் தி ரெக்கார்ட்’ தொகுப்பு. பேட்டனுக்கு 2001-ல் ரெவெனண்ட் வெளியிட்ட ஏழு சிடிப் பெட்டி, அது அகப்படாவிட்டால் யாசூ கம்பெனியின் தொகுப்புகள். ராபர்ட் ஜான்சனுக்குக் கொலம்பியாவின் பதிப்பே போதும், உலோக மாஸ்டருக்கு மிக அருகில் போகும் வசதி அவர்களுக்குத்தான். ஸ்விங் கால ஜாஸில் மொசைக் கம்பெனி பெரிய நிறுவனங்களிடம் உரிமம் வாங்கி, குறிப்பிட்ட எண்ணிக்கையில் மட்டும் போடும் பெட்டிகள் விலை அதிகம், ஆனால் விலைக்குத் தகுந்தவை. தீர்ந்தால் மறுபடி அச்சிடுவது அரிது.

வீட்டுப் பரணில் 78 தட்டு வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. கல்கத்தா டம் டம் தட்டு ஆலையில் மேற்கத்திய ஜாஸ் தட்டுகளும் அழுத்தப்பட்டன. சிகாகோவிலிருந்து வந்து 1945-ல் கல்கத்தாவிலேயே இறந்த பியானோக் கலைஞர் டெடி வெதர்ஃபோர்ட், போர்க்காலத்தில் இந்தியக் கொலம்பியாவுக்குப் பதிந்தவற்றுக்கு நல்ல பிரதி தேட வேண்டியது நம் ஊர்களில்தான். அப்படி ஒன்று கண்ணில் பட்டால் ஸ்பிரிட் போட்டுத் துடைக்காதீர்கள், பழைய கிராமஃபோனில் இரும்பு ஊசி வைத்து ஓட்டிப் பார்க்காதீர்கள். லேபிளையும், லேபிளைச் சுற்றிப் பள்ளம் முடியும் இடத்தில் பொறித்திருக்கும் எண்களையும் சாய்ந்த வெளிச்சத்தில் படம் எடுத்துவைத்து, தட்டை அமிலமற்ற காகித உறையில் நிமிர்த்தி நிறுத்தி வையுங்கள்.